நாற்றச் சேற்றில் வாழும் மட்டி: கேள்வி பதில்

பழவேற்காடு ஏரியைச் சுற்றி வாழும் நம்மவர்கள், மட்டிக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள கூட்டுவாழ்வு பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

தடாவிலிருந்து: ஐயா, ஏரிச் சேற்றைக் காலால் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. அதற்குள் மட்டி எப்படிப் பிழைக்கிறது?

அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. இலையும் புல்லும் மக்கி, சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால், ஒரு வகை பாக்டீரியா கடல்நீரிலுள்ள சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசிக்கத் தொடங்கும். அதன் கழிவுதான் இந்த வாயு. உயிரணுவின் சுவாசத்தையே நிறுத்தக்கூடிய நஞ்சு. நாம் குழம்பு வைக்கும் மட்டி மேல்மண்ணில் புதைந்து, குழாயை நீருக்குள் நீட்டி, மிதக்கும் நுண்பாசியை வடித்துத் தின்கிறது. அது அந்த நஞ்சைத் தேடிப் போவதில்லை.

தேடிப் போகும் குடும்பம் ஒன்று உண்டு. லூசினிட் என்பார்கள், சுமார் 400 இனங்கள். புழுபோல நீளும் காலைச் சேற்றுக்குள் ஆழமாகச் செலுத்தி சல்ஃபைடை எட்டுகின்றன; ஆக்சிஜன் மேலிருந்து வருகிறது. செவுளின் உயிரணுக்களுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா, சல்ஃபைடை ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்து, அந்த ஆற்றலைக் கொண்டு கரியமில வாயுவிலிருந்து உணவு தயாரிக்கிறது. அந்த உணவில் ஒரு பங்கு மட்டிக்கு. பாக்டீரியாவையே செரித்துக்கொள்வதும் உண்டு.

சூளூர்ப்பேட்டை மாணவி: அந்தப் பாக்டீரியாவைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியாது, அம்மா. ஆனால் அதன் வீட்டைப் பார்க்கலாம். சாதாரண மட்டியைத் திறந்தால் செவுள் மெல்லிய சவ்வாக, மறுபுறம் தெரியுமளவு இருக்கும். லூசினிடின் செவுள் தடித்து, சதைப்பற்றோடு, வெளிர்பழுப்பு நிறத்தில் ஓட்டின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். குடலோ சிறுத்துவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் பாக்டீரியாவுக்குள் கந்தக மணிகள் தெரியும்.

இதெல்லாம் ஆழ்கடல் சங்கதி அல்லவா?

முதலில் கண்ணில் பட்டது அங்கேதான். 1977இல் பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுகள் அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டார்கள். அங்குள்ள குழாய்ப்புழுக்கள் பாக்டீரியாவால் வாழ்கின்றன என்பதை 1981இல் காலீன் கவனா என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் விளக்கினார். பிறகுதான் கரையோரச் சேற்றையும் தேடிப் பார்த்தார்கள்.

குஞ்சு மட்டிக்குத் தாயிடமிருந்தே பாக்டீரியா வருமா?

லூசினிடில் வராது, ஒவ்வொரு குஞ்சும் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே பெற்றுக்கொள்ள வேண்டும். சொலேமியா என்ற வேறொரு மட்டியில் முட்டை வழியாகவே வருகிறது.

ஆரம்பாக்கத்திலிருந்து: கரையோரக் கடற்புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்தால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். புல் மக்கினால் சல்ஃபைடு பெருகும். அதே சல்ஃபைடு புல்லின் வேரையும் கொல்லும். இந்தச் சிக்கலை அவிழ்ப்பது லூசினிடும் அதன் பாக்டீரியாவும்தான். அவை நஞ்சை உண்டு தீர்க்கின்றன. புல்லின் வேர் கசியவிடும் ஆக்சிஜன் அவற்றுக்கு உதவுகிறது. 2012இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தொட்டிகளில் வைத்துச் சோதித்தது: மட்டி இருந்த தொட்டிகளில் சல்ஃபைடு குறைந்தது, புல் செழித்தது. வெப்பமண்டலக் கடற்புல் வெளிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்த மட்டிகள் இருப்பதையும் அதே ஆய்வு காட்டியது. மேற்கு ஆப்பிரிக்க நாடான மொரிட்டானியாவின் பாங் தார்கான் கரையில் வறட்சி வந்தபோது இந்த உறவு முறிந்து, பரந்த புல்வெளி அழிந்தது. ஒன்றைப் பிடுங்கினால் மூன்றும் போகும். புல் போனால் அதற்குள் ஒளிந்து வளரும் இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் இடமில்லை.

பாக்டீரியா உள்ள மட்டியைச் சாப்பிடலாமா?

செவுளில் குடியிருப்பது நோய்க்கிருமி அல்ல. பிலிப்பைன்ஸிலும் கரீபியனிலும் லூசினிடை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். பயப்பட வேண்டியது வேறு கிருமிக்கு. எந்த மட்டியும் நீரில் இருப்பதைச் சேர்த்து வைக்கும். சாக்கடை கலக்கும் இடத்தில் பொறுக்காதீர்கள், நன்றாக வேகவையுங்கள்.

படகுப் பலகையைத் துளைக்கும் புழுவும் மட்டி இனம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கப்பல்புழு, உடல் நீண்டுபோன இருவோட்டு உயிர். தலைப்பக்கமுள்ள இரண்டு சிறு ஓடுகளால் மரத்தைச் சுரண்டுகிறது. மரத்தைச் செரிக்கும் நொதிகளைத் தருவதும் செவுளில் வாழும் பாக்டீரியாதான். உடல் வளரத் தேவையான நைட்ரஜன் மரத்தில் மிகக் குறைவு. நீரில் கரைந்த நைட்ரஜன் வாயுவைப் பிடித்து அந்தக் குறையையும் அதுவே நிரப்புகிறது. வெளியே குண்டூசி முனையளவு துளைதான் தெரியும். உள்ளே பலகை பொந்தாகியிருக்கும். அதனால் துளை சிறிதென்று விட்டுவிடாமல், படகைக் கரையேற்றி நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் வற்றினால் புழு பிழைக்காது.