டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் றொக் குழுவின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ அல்பம் சீடி விளம்பரத்தால் மட்டும்தான் அவ்வளவு விற்றதா? இன்று கேட்க அதில் ஏதாவது இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் வயதில் சின்னவராக இருப்பார் என்று நினைக்கிறேன். அப்பாவுடையதோ மாமாவுடையதோ அலுமாரியில் இந்த சீடியைக் கண்டிருப்பீர்கள், நீல வானத்தில் வெள்ளிக் கிற்றார் ஒன்று சாய்ந்து நிற்கிற அந்த அட்டை. இரண்டு பாட்டுக் கேட்டிருப்பீர்கள். அப்புறம் யாரோ ஒருவர் "இது இசைக்காக விற்ற அல்பம் இல்லை, புது சீடி பிளேயர் வாங்கினவர்கள் சத்தம் சோதிக்க வாங்கினது" என்று சொல்லியிருப்பார். இந்தக் கதையை நாற்பது வருடமாகக் கேட்கிறேன். அந்த சீடி பிளேயர்களைத் தோளில் சுமந்தவன் நான், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீளமாகத்தான் வரும்.

முதலில் கேள்வியில் இருக்கிற உண்மையை ஒத்துக்கொள்கிறேன். சீடி 1982 ஒக்டோபரில் ஜப்பானில் வந்தது, அடுத்த வருடம் ஐரோப்பாவுக்கு. இந்த அல்பம் 1985 மே மாதம் வந்தது. கரீபியனில் மொன்செராட் என்ற சின்னத் தீவில் ஜார்ஜ் மார்ட்டின் கட்டிய ஏர் ஸ்டூடியோவில், சோனியின் 24 தட டிஜிட்டல் டேப் இயந்திரத்தில் பதிவு செய்தார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலான றொக் அல்பங்கள் சாதாரண டேப்பில் பதிந்து கடைசியில்தான் சீடிக்கு மாறும், இதுவோ தொடக்கத்திலிருந்தே டிஜிட்டல். இவர்களுடைய லேபிள் போலிகிராமைச் சேர்ந்தது, போலிகிராம் பிலிப்ஸைச் சேர்ந்தது, சீடியைக் கண்டுபிடித்த இரண்டு கம்பனிகளில் பிலிப்ஸ் ஒன்று, 1985-86 உலகச் சுற்றுப்பயணத்துக்குப் பணம் போட்டதும் பிலிப்ஸ்தான். ஆக வியாபாரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. சீடியில் மட்டும் பத்து லட்சம் தாண்டிய முதல் அல்பமும் இதுதான்.

ஆனால் 1985-ல் இங்கிலாந்தில் எத்தனை வீட்டில் சீடி பிளேயர் இருந்தது? மிகக் குறைவு. பெரும்பாலான ஆட்கள் எல்பி இசைத்தட்டிலும் கசெற்றிலும்தான் கேட்டார்கள். அங்கே மொத்தமாக 14 வாரம், அமெரிக்காவில் 9 வாரம் இது முதலிடத்தில் இருந்தது. உலகம் முழுக்க 3 கோடிக்கு மேல் போனது. பிளேயர் வாங்கப் பணம் இல்லாதவர்களும்தான் இதை வாங்கினார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

நான் 1985 தொடக்கத்தில் லண்டன் வந்தேன். ஊர் வடமராட்சி. 83 கலவரத்துக்குப் பிறகு எங்கள் வயதுப் பெடியன்கள் எல்லோரும் எங்காவது போகத்தான் பார்த்தோம், எனக்கு இங்கிலாந்து வாய்த்தது. வெம்பிளியில் ஒரு வீட்டின் மேல் அறையில் ஐந்து பேர். அந்த ஜூலை 13-ஆம் தேதி பக்கத்து ஸ்டேடியத்தில் லைவ் எயிட் என்ற பெரிய பஞ்ச நிவாரணக் கச்சேரி நடந்தது. யன்னலைத் திறந்தால் இரைச்சல் கேட்டது, எங்களுக்கு அது என்ன என்றே தெரியாது. அன்றைக்கு இந்த டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் ஆட்கள் அங்கே வாசித்துவிட்டு, பக்கத்து அரீனாவில் இருந்த தங்களுடைய சொந்தக் கச்சேரிக்கு வாகனத் தரிப்பிடத்தைத் தாண்டி நடந்தே போனார்கள் என்று பிறகுதான் வாசித்தேன்.

செப்டம்பரில் தெரிந்த அண்ணை ஒருவர் மூலமாக டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் வேலை கிடைத்தது. லண்டனில் ரீவி, ரேடியோ, ஹைஃபை எல்லாம் வரிசையாக விற்ற தெரு அது. எனக்கு ஸ்டோரில் பெட்டி அடுக்குகிற வேலையும், வானில் ஏற்றி வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்குகிற வேலையும். மணிக்கு 2 பவுண். மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ், கலர் ரீவி. அந்தக் காலத்து 26 அங்குல ரீவியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அது என்ன பாரம் என்று விளங்கும்.

கடையின் முன் பக்கத்தில் சீடி பிளேயர் காட்டுகிற மூலை. யாராவது கோட் போட்ட ஆள் உள்ளே வந்தால் விற்பனையாளர் இந்த சீடியைத்தான் எடுப்பார். இரண்டாவது பாட்டு, ‘மணி ஃபோர் நத்திங்’. தூரத்திலிருந்து ஸ்டிங் என்ற பாடகருடைய குரல் மெல்ல மெல்ல வரும், பிறகு ட்ரம்ஸ் உருண்டு உருண்டு பெருக்கும், திடீரென்று எல்லாம் நின்று அந்தக் கிற்றார் தனியாக வந்து விழும். வந்தவர் முகம் மாறும். அவ்வளவுதான், விற்பனையாளர் நிறுத்திவிடுவார். ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை அந்த முதல் இரண்டு நிமிடத்தைக் கேட்டேன், மாதக்கணக்கில். மூன்றாவது நிமிடத்தில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது.

(அந்தக் கிற்றார் சத்தம் ஒரு தற்செயல். அம்பிளிஃபையருக்கு முன்னால் ஒரு மைக் தரையைப் பார்த்து இருந்தது, இன்னொன்றும் சரியாக ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. சவுண்ட் எஞ்சினியரும், குழுவின் பாடகரும் கிற்றார்காரருமான மார்க் நொப்ளரோடு சேர்ந்து இதைத் தயாரித்தவருமான நீல் டோர்ஃப்ஸ்மன் அதைச் சரிசெய்யப் போகும்போதுதான் இதுவே நன்றாக இருக்கிறது என்று அப்படியே விட்டார்கள். சோதனைக் கூடத்தில் அளந்து செய்த சத்தம் என்று சொல்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.)

வான் ஓட்டினவர் ஒரு ஐரிஷ்காரர், ஐம்பது வயது இருக்கும். ஒரு நாள் ஒரு மைக்ரோவேவை மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட்டு வந்து வானுக்குள் இருக்கிறோம், ரேடியோவில் இந்தப் பாட்டு போகிறது. அவர் சத்தத்தைக் கூட்டிவிட்டு, இதில் யார் பேசுகிறார் என்று தெரியுமா என்று கேட்டார். என் ஆங்கிலம் அப்போது பாட்டுக் கேட்டு விளங்குகிற ஆங்கிலம் இல்லை. "நாங்கள்தான் தம்பி, எங்களைப் போல சாமான் இறக்குகிறவன்தான் பேசுகிறான்" என்ற மாதிரிச் சொன்னார். அது உண்மை. நியூயோர்க்கில் மின்சாதனக் கடை ஒன்றின் பின்பக்கத்தில், சுவர் நிறைய ரீவிகளில் எம்ரிவி என்ற பாட்டு வீடியோச் சேனல் ஓடிக்கொண்டிருக்க, அங்கே வேலை செய்கிற ஒருவன் அந்தப் பாட்டுக்காரர்களைப் பார்த்து, இவர்களுக்கு வேலையே இல்லாமல் காசு வருகிறது, நாங்கள் பாரம் தூக்குகிறோம் என்று பொருமிக்கொண்டு நின்றதை நொப்ளர் ஒளிந்து நின்று கேட்டு, கடையில் ஒரு தாள் கேட்டு வாங்கி அங்கேயே எழுதினார்.

எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் சுமக்கிற அதே சாமான்களின் பெயர் ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டில் வருகிறது. கோட் போட்டவர்கள் கேட்டுத் தலையாட்டிய பாட்டில் பேசினவன் ஸ்டோரில் நின்றவன்.

அந்தப் பாட்டில் ஒருபாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்துகிற சொல் ஒன்று வருகிறது, 2011-ல் கனடாவில் அதனாலேயே வெட்டாத பதிப்பை வானொலியில் போடக்கூடாது என்று முதலில் முடிவு வந்து பிறகு அதைத் தளர்த்தினார்கள். கீழே யாராவது இதை எழுதுவீர்கள் என்று தெரியும். அந்தச் சொல்லை நான் நியாயப்படுத்தவில்லை. பேசுகிறவன் வாயில் அது வருகிறது, கடைகளில் அப்படித்தான் பேசினார்கள், எங்களைப் பற்றியும் வேறு சொற்கள் பேசினார்கள். கேட்கப் பிடிக்காதவர்கள் அதைத் தாண்டிப் போவது முழுக்க நியாயம்.

இப்போது முக்கியமான விஷயம். 1986 ஜூனில் ஒரு சனிக்கிழமை இரவு, கடையைச் சாத்திவிட்டு சாமான் கணக்கெடுக்கிறோம். விற்பனையாளர் களைத்துப்போய் சீடியைப் போட்டுவிட்டு நிறுத்த மறந்துவிட்டார். பெட்டிகளை எண்ணிக்கொண்டே முதல் தடவையாக இந்த அல்பத்தை முழுதாகக் கேட்டேன். ‘யுவர் லேட்டஸ்ட் ட்ரிக்’கில் அந்த சாக்ஸபோன் போனது, ‘வை வொரி’ போனது. ஆறாவது பாட்டிலிருந்து வேறு உலகம். எல்பியில் அதுதான் இரண்டாம் பக்கம். ‘ரைட் அக்ரோஸ் த ரிவர்’ என்ற பாட்டில் முதலில் விடுதலைக்காகச் சண்டை பிடிக்கிற போராளி பேசுகிறான், பிறகு கூலிக்குச் சண்டை பிடிக்கிறவன் பேசுகிறான், மெட்டு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அடுத்தது ‘த மேன்ஸ் டூ ஸ்ட்ரோங்’, கொடுமைகள் செய்த ஒரு பழைய போர்க்காரன் தன் கதையைச் சொல்கிறான். கடைசியில் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’. 1982-ல் இங்கிலாந்து ஃபோக்லாந்து தீவுகளுக்காக ஆர்ஜென்டினாவோடு போர் செய்த நேரம் நொப்ளர் எழுதியது. சாகிற சிப்பாய் ஒருவன் தன் தோழர்களுக்குப் பேசுகிற பாட்டு. ஒரே பக்கம் நின்ற சகோதரர்களோடு சண்டை பிடிப்பது மடைத்தனம் என்பதில் போய் முடிகிறது.

அந்த வருடம் ஏப்ரல், மே மாதங்களில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இயக்கம் இயக்கத்தைச் சுட்டது. புலிகள் டெலோ என்ற இன்னொரு தமிழ் இயக்கத்தை அழித்தார்கள், தெருச் சந்திகளில் பெடியன்களைச் சுட்டுப் போட்டார்கள். என்னோடு பத்தாம் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவன் அதில் போனான். அம்மா எழுதின கடிதம் இந்த இரவுக்கு இரண்டு கிழமைக்கு முன்னால்தான் வந்தது. இங்கே அறையில் இருந்த ஐந்து பேரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, யார் எந்தப் பக்கம் என்று ஒருவருக்கொருவர் பயம். கடைசிப் பாட்டின் முடிவில் வருகிற வரிகள் மெதுவாக, தெளிவாகப் பாடப்படுகிறவை, என் ஆங்கிலத்துக்கே விளங்கியது. நான் ஸ்டோருக்குள் போய் பெட்டிகளுக்கு நடுவே நின்று அழுதேன். அதுவரை ஊரை நினைத்து அழவில்லை.

அரசியல் விவாதம் தொடங்குவதற்காக இதை எழுதவில்லை, எந்த இயக்கம் சரி என்று என்னோடு சண்டைக்கு வரவேண்டாம், நான் பதில் எழுத மாட்டேன். ஸ்கொட்லாந்தில் பிறந்த ஒருவருக்கு எங்கள் விஷயம் எப்படித் தெரியும் என்று ஒரு நண்பர் கேட்டார். தெரியாதுதான். ஆனால் நொப்ளரின் அப்பா ஹங்கேரி யூதர், போருக்கு முன் தப்பி பிரிட்டனுக்கு வந்தவர். அகதி வீட்டுப் பிள்ளை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, தெரிந்தபோது ஆச்சரியமாக இருக்கவில்லை.

அந்த டிசம்பரில் சீடியை வாங்கினேன், 11 பவுணும் சில்லறையும். எல்பி அதில் பாதிதான். ஏன் விலை கூடினதை, அதுவும் பிளேயர் இல்லாமல் வாங்கினாய் என்று அறையில் இருந்தவர்கள் ஏசினார்கள். காரணம் இருந்தது. எல்பியில் இடம் போதாததால் முதல் பக்கத்துப் பாட்டுகளை வெட்டியிருந்தார்கள், சீடி 55 நிமிடம், எல்பி 47 தான். ‘வை வொரி’ சீடியில் எட்டரை நிமிடம், எல்பியில் ஐந்து சொச்சம். நான் அந்த இரவில் கேட்டது முழுதையும். அதை வெட்டி வாங்க மனம் வரவில்லை. சூட்கேசுக்குள் ஒன்றரை வருடம் கிடந்தது, 1988-ல் தான் பழைய பிளேயர் ஒன்று வாங்கினேன்.

இடையில் 1987-ல் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். மூன்று கிழமைச் சம்பளம் எனக்கும் ஐரிஷ்காரருக்கும் வரவில்லை. திங்கட்கிழமை காலை போனால் இரும்புக் கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. விசா நிலைமை சரியில்லாத பெடியன் எங்கே போய்க் கேட்பான்? முதலாளியைப் பத்து வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில் கண்டேன். என்னைத் தெரியாதது போல் இருந்தார். அந்த 240 பவுணை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டுக்குச் சாமான் கொண்டுவருகிற பிள்ளைகள் ஃபோனில் நேரம் பார்த்துக்கொண்டே ஓடுகிறார்கள், ஒரு தேத்தண்ணி குடிக்க நேரமில்லை, ஐந்து நிமிடம் பிந்தினால் வாடிக்கையாளர் ஒற்றை நட்சத்திரம் போடுகிறார். என் சொந்த மச்சானே அப்படிப் போட்டான். அவனோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சரி, உங்கள் கேள்வி. விளம்பரம் உதவியது, பிலிப்ஸ் பணம் உதவியது, எம்ரிவியில் ‘மணி ஃபோர் நத்திங்’குக்குக் கணினியில் செய்த வீடியோ நாள் முழுக்க ஓடியதும் உதவியது. கடைகள் அதன் முதல் இரண்டு நிமிடத்தை உலகத்துக்கே விற்றுவிட்டன, அதனால்தான் மிச்சத்தைக் கேட்காமலேயே ஆட்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். அப்பாவின் அலுமாரியில் இருப்பது எண்பதுகளின் பழைய பதிப்பாக இருந்தால் அதையே வைத்திருங்கள், புதிதாக ஒன்றும் வாங்கவேண்டாம். இரவில், வேறு வேலை இல்லாத நேரத்தில், ஆறாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள். நான்கே பாட்டு, அரைமணி நேரம்கூட வராது. அதற்குப் பிறகும் இது சத்தம் சோதிக்கிற சீடிதான் என்று தோன்றினால் வந்து எழுதுங்கள், வாசிக்கிறேன்.