பெங்களூரில் நானே காம்பவுண்டு சுவர் கட்டப் போகிறேன். என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்?

கொத்தனார் கரண்டி, பூச்சைச் சமன் செய்யும் மணியாஸ் கட்டை, கலவை அள்ளும் பாண்டு சட்டி, சுவர் செங்குத்தா என்று பார்க்கும் தூக்குக்குண்டு, நூல், டேப், கிடைமட்டம் பார்க்கும் குமிழ் வைத்த ரசமட்டம் போதும். ஹார்டுவேர் கடைகள் நிறைந்த எஸ்.ஜே.பி. ரோட்டில் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

கரண்டி சுமாராக இருந்தாலும் சரி, ரசமட்டத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள். கடை மேஜையிலேயே வைத்துப் பாருங்கள். குமிழ் வாசல் பக்கம் ஒதுங்கினால், மட்டத்தை அதே இடத்தில் முனை மாற்றி வையுங்கள். அப்போதும் அதே அளவு வாசல் பக்கமே ஒதுங்க வேண்டும். இல்லையென்றால் வேறு கேளுங்கள். இதைப் பார்க்காமல் வாங்கி, 6 அங்குல சாலிட் பிளாக்கில் (கான்கிரீட் கல்) மூன்று வரிசையைப் பிரித்தவன் நான்.

மூலை செங்கோணமா என்று பார்க்க டேப்பே போதும்: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும். அப்புறம் ரப்பர் கையுறை, சிமெண்ட் விரலை அரித்துவிடும்.