ஒரே வரியில் இரண்டு சுரம் வந்தால்: தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (எலத்தகிரி): மாஸ்டர், எங்கள் பாடகர் குழுவில் சொப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்) பாடுகிறவர்கள் ஆறு பேர். கிறிஸ்துமஸ் பாடலின் கடைசி அடியில் அவர்கள் வரியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுரம் இருக்கிறது. ஆறு பேரும் மேல் சுரத்தையே பிடிக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்த இடத்தில் குரல்கள் பிரிய வேண்டும். அதற்கு 'டிவிசி' என்று பெயர். பாடுகிறவர் தாளைப் பார்த்ததும் 'இதில் எது என்னுடையது?' என்றுதான் முதலில் தேடுவார். அதற்கான பதில் தாளிலேயே இருக்க வேண்டும். பிரிகிற இடத்தில் 'டிவிசி' என்றும், மீண்டும் சேர்கிற இடத்தில் 'யூனிசன்' என்றும் எழுதுங்கள். இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். யார் மேல், யார் கீழ் என்பதை ஒத்திகைக்கு முன்பே பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். மேல் சுரம் தானாகவே எடுப்பாகக் கேட்கும். அதனால் மேலே இருவர், கீழே நால்வர் என்று தொடங்கி, கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி): இரண்டு சுரத்தையும் ஒரே தண்டில் (சுரத்தின் தலையோடு சேர்த்து இழுக்கும் செங்குத்துக் கோட்டில்) கோக்கலாமா, ஐயா?

பதில்: தாளமும் பாடல் சொற்களும் ஒன்றாகவே நகர்ந்தால் ஒரே தண்டு போதும். ஏதாவது ஓரிடத்தில் ஒருவர் நீட்ட, மற்றவர் நகர்ந்தால், மேல் குரலுக்குத் தண்டு மேல்நோக்கி, கீழ்க்குரலுக்குக் கீழ்நோக்கி. இருவரும் ஒரே சுரத்தில் சந்தித்தால் ஒரு தலைக்கு இரண்டு தண்டுகள். ஸ, ரி போல அடுத்தடுத்த சுரங்கள் ஒரே தண்டில் வந்தால் கீழ்ச் சுரம் தண்டுக்கு இடப்பக்கம், மேல் சுரம் வலப்பக்கம். சொற்களே வேறு வேறு என்றால் தயங்காமல் இரண்டு வரியாக எழுதுங்கள். தாளை மிச்சம் பிடிப்பதற்காகப் பாடுகிறவரைத் தவிக்க விடக்கூடாது.

கேள்வி (அரூர்): நாங்கள் டானிக் சொல்ஃபாவில்தான் (கோடுகளுக்குப் பதில் எழுத்துகளால் சுரம் குறிக்கும் முறை) பாடுகிறோம். அதில் எப்படி எழுதுவது?

பதில்: அதில் ஒரு குரலுக்கு ஒரு வரி. பிரியும் இடத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வரி சேருங்கள்.

கேள்வி (ஓசூர்): வயலின் வரியில் இரண்டு சுரம் இருந்தால் நான் ஒருத்தியே வாசிப்பதா, பக்கத்தில் இருப்பவருடன் பகிர்ந்துகொள்வதா?

பதில்: எழுதியவர்தான் சொல்ல வேண்டும், அம்மா. 'டிவிசி' இருந்தால் பகிர வேண்டும். 'நான் டிவிசி' (non divisi, 'பிரிய வேண்டாம்') என்றோ, சுரங்களுக்கு முன்னால் சதுர அடைப்புக்குறியோ இருந்தால் நீங்களே இரண்டையும் வாசிக்க வேண்டும். எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரண்டு சுரமும் அடுத்தடுத்த தந்திகளில் கிடைக்க வேண்டும். நம் முறையில் தந்திகள் கீழிருந்து மேலாக ஸ, ப, ஸ, ப. மந்த்ர (கீழ் ஸ்தாயி) ரி, மந்த்ர க இரண்டும் கீழ் ஸ தந்தியில் மட்டுமே இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து எழுதினால் எந்த வித்வானாலும் வாசிக்க முடியாது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1720-இல் படியெடுத்த தனி வயலின் படைப்புகளில் நான்கு சுரங்கள் ஒரே தண்டில் நிற்கும். குதிரை (தந்திகளைத் தாங்கும் மரப்பாலம்) வளைவாக இருப்பதால் வில் அவற்றைக் கீழிருந்து மேலாக உருட்டித்தான் எடுக்கும்.

கேள்வி (பாலக்கோடு): பேண்டில் யூஃபோனியம் (பித்தளை ஊதுகருவி) ஊதுகிறேன். ஊதிக்கொண்டே பாடினால் மூன்றாவதாக ஒரு சுரம் கேட்கிறது. பிரமையா, அண்ணா?

பதில்: பிரமை இல்லை, தம்பி. அருமையான விஷயத்தைப் பிடித்திருக்கிறீர்கள்! ஊதும் ஸ 200 ஹெர்ட்ஸ், பாடும் ப 300 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் கூட்டல் 500. அது மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம். கழித்தல் 100, அது மந்த்ர ஸ. ஒரே ஆள் முழுக் கார்டையும் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டம்) எழுப்பிவிடலாம். பஞ்சமம் கொஞ்சம் விலகினாலும் காந்தாரம் கலங்கிவிடும். அதனால் முதலில் ஸ-வை மட்டும் நீளமாக ஊதி, அதன்மேல் ப-வை மெதுவாக ஏற்றிப் பழகுங்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் வெபர் பிரெஞ்சு ஹார்னுக்கு எழுதி 1815-இல் திருத்திய கான்செர்ட்டினோ என்ற படைப்பிலேயே இந்த உத்தி இருக்கிறது. எழுதும்போது ஊதும் சுரத்துக்கு வழக்கமான தலை, பாடும் சுரத்துக்குச் சாய்சதுரத் தலை. எது எதற்கு என்று முதல் பக்கத்திலேயே விளக்கிவிடுங்கள், ஏனென்றால் சாய்சதுரத்தை வேறு பொருளிலும் பயன்படுத்துகிறார்கள். தானாக எழும் சுரங்களை எழுத வேண்டியதில்லை.

கேள்வி (பென்னாகரம்): நாகசுரத்தில் இரண்டு சுரம் எழுப்ப முடியுமா, ஐயா?

பதில்: நம் மரபு அந்த வேலையை ஒத்துக்காரரிடம் (கூடவே சுருதியை மட்டும் ஊதுபவர்) கொடுத்தது. மகுடியில் ஒரே சுரைக்குடுவையில் இரண்டு குழல். ஒன்று சுருதி, மற்றது பாட்டு. இரண்டுக்கும் சுருதியைத் தொடக்கத்தில் ஒருமுறை எழுதி நீள்கோடு இழுத்தால் போதும். ஒரே குழலில் பல சுரம் வேண்டுமென்றால் வழக்கத்துக்கு மாறான விரல்பிடி வேண்டும். ஓபோவிலும் கிளாரினெட்டிலும் அப்படிச் செய்கிறார்கள்; இதைப் பற்றிய புரூனோ பார்த்தொலொத்சி என்ற இத்தாலிய இசையமைப்பாளரின் நூல் 1967-இல் வந்த பிறகு அது பரவியது. அங்கே சுரத்தை மட்டும் எழுதினால் பயனில்லை, எந்தத் துளை மூடி, எந்தத் துளை திறந்து என்ற படத்தையும் சுரத்துக்கு மேலே வரைய வேண்டும். நாகசுரத்தில் முயன்று பார்ப்பதென்றால் விரல்பிடியோடு சீவாளியின் (வாயில் வைத்து ஊதும் நாணல் பகுதி) விவரத்தையும் குறித்து வையுங்கள், சீவாளி மாறினால் ஒலியும் மாறிவிடும்.