சரத்தில் இருக்கும் சூத்திரத்தை ஸ்மால்டாக்கில் ஓட்டுவது எப்படி?

கேள்வி: ஸ்மால்டாக் நிரல்மொழியில் எழுதுகிறேன். பயனர் தட்டும் சூத்திரம் எனக்குச் சரமாகத்தான் (ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத் தொடர்) கிடைக்கிறது. நிரல் ஓடும்போதே அதைக் கணக்கிட வேண்டும். கம்பைலரிடம் கொடுத்தால் என் மாறிகள் எல்லாம் 'நில்' (மதிப்பு எதுவும் இல்லை) என்று வருகின்றன. என்ன செய்வது?

பதில்: குறிமுறையைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஸ்மால்டாக்கின் ஒரு வடிவமான ஸ்குவீக்கில் கம்பைலர் எவால்யுவேட்: '3 + 4' என்றால் 7 வரும். இன்னொரு வடிவமான ஃபாரோவில் ஸ்மால்டாக் கம்பைலர் எவால்யுவேட்: '3 + 4'. இதுவரை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சிக்கல் மாறிகளில்தான். அந்தச் சரம் உங்கள் மெத்தடுக்குள் (நீங்கள் பெயரிட்டு எழுதிய நிரல் பகுதிக்குள்) கம்பைல் ஆவதில்லை. ஒர்க்ஸ்பேஸில் (குறிமுறையை எழுதி உடனே ஓட்டிப் பார்க்கும் சன்னலில்) 'டூ இட்' கொடுத்தால் நடப்பதைப் போலத் தனியாக ஒரு மெத்தடாகிறது, ஓடுகிறது, அப்புறம் தூக்கி எறியப்படுகிறது. உங்கள் தற்காலிக மாறிகள் அதன் கண்ணில் படவே படாது. தெரியாத பெயரைச் சில சூழல்கள் சத்தமில்லாமல் நில்லாக எடுத்துக்கொள்ளும். நில்லைப் பெருக்கச் சொன்னால் 'டஸ்நாட் அண்டர்ஸ்டாண்ட்' (இந்தக் கட்டளை எனக்குப் புரியவில்லை) பிழைதான் மிஞ்சும்.

அதனால் சூத்திரத்தை ஒரு பிளாக்குக்குள் (சதுர அடைப்பில் எழுதி, பிறகு மதிப்புகளைக் கொடுத்து ஓட்டும் குறிமுறைத் துண்டுக்குள்) பொதியுங்கள்:

கணக்கு := ஸ்மால்டாக் கம்பைலர் எவால்யுவேட்: '[:அகலம் :உயரம் | ' , சூத்திரம் , ' ]'.
கணக்கு வேல்யூ: 5 வேல்யூ: 8.

பயனர் 'அகலம் * உயரம்' என்று தட்டியிருந்தால் விடை 40. எனக்கு இந்த வழி பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கம்பைல் ஒரே தடவைதான். பத்தாயிரம் வரிசைக்குக் கணக்கிட வேண்டுமா, அதே பிளாக்கை மறுபடி மறுபடி கூப்பிட்டால் போதும். லூப்புக்குள் எவால்யுவேட் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கம்பைலர் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

மெத்தட் பெயர் மட்டும்தான் சரமாக வருகிறது என்றால் கம்பைலரே வேண்டாம். சரத்தை ஏஸ்சிம்பல் கொண்டு சிம்பலாக்கி (மெத்தடைக் குறிக்கும் பெயராக்கி), அந்தப் பெயருள்ள மெத்தடை ஓட்டும் பெர்ஃபார்ம்: மூலம் அனுப்பிவிடலாம்.

பயனர்களிடமிருந்து ஒரு புகார் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். 2 + 3 * 4 என்று தட்டினால் ஸ்மால்டாக் 20 என்றுதான் சொல்லும். இங்கே கூட்டலும் பெருக்கலும் சமம், இடமிருந்து வலமாகவே போகும். பள்ளிக் கணக்குப்படி 14 வர வேண்டுமானால் பயனரே அடைப்புக்குறி போட வேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை, எவால்யுவேட்டுக்குக் கணக்கு எது, கட்டளை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. சூத்திரப் பெட்டியில் ஒருவர் 'ஸ்மால்டாக் ஸ்நாப்ஷாட்: ஃபால்ஸ் அண்ட்க்விட்: ட்ரூ' என்று எழுதினால் சேமிக்காமலே இமேஜ் (ஓடிக்கொண்டிருக்கும் மொத்த ஸ்மால்டாக் சூழல்) மூடிக்கொள்ளும். கோப்பை அழிக்கச் சொன்னாலும் அழிக்கும். உங்களைத் தவிர வேறு யாராவது தட்டப்போகிறார்கள் என்றால், பெட்டிட்பார்சர் என்ற நூலகத்தை வைத்து நாலு கணக்குக் குறிகளை மட்டும் ஏற்கும் சின்ன பார்சர் (தட்டியதைப் பிரித்துப் படிக்கும் நிரல்) ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். முன்னுரிமை விதியையும் அதிலேயே எழுதிவிட்டால் அந்த 14 தானாக வந்துவிடும்.