“த்ரீ ஸ்டார்னு போட்டிருந்ததே, அண்ணே?”

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் கும்பகோணத்தில் தங்கி நவகிரகக் கோயில்களைச் சுற்றும் குழுப் பயணத்துக்குப் பணம் கட்டியவர்கள் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடமாகச் சிங்கப்பூரிலிருந்து குழுக்களை அழைத்துப் போகிறேன். வந்த கேள்விகளில் ஒன்றுகூடக் கோயிலைப் பற்றி இல்லை, எல்லாம் ரூமைப் பற்றித்தான்! கேட்டவர் பெயருக்குப் பதில் சிங்கப்பூரில் அவர் இருக்கும் பேட்டையைப் போட்டிருக்கிறேன்.

ஈசூன் அக்கா: விளம்பரத்தில் த்ரீ ஸ்டார். படத்தைப் பார்த்தால் பழைய லாட்ஜ். ஏமாற்றுகிறார்களா?

விளம்பரத்தை மறுபடி படித்துப் பாருங்கள், அக்கா. ‘த்ரீ ஸ்டார் தரம்’ என்று இருக்கும். இந்தியாவில் விடுதிகளுக்கு நட்சத்திரம் கொடுப்பது மத்திய சுற்றுலா அமைச்சு. விடுதிக்காரர் விண்ணப்பித்தால்தான் வந்து பார்ப்பார்கள், கட்டாயம் கிடையாது. ‘தரம்’ என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘அல்லது அதற்கு இணையான விடுதி’ என்று ஒரு வரி இருக்கும். வம்பு வருவது அந்த வரியால்தான். விடுதியின் பெயர், லிஃப்ட் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏர்கான் ஓடுமா என்று நான்கையும் வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். பல லாட்ஜ்களில் ஜெனரேட்டர் போட்டால் விளக்கும் ஃபேனும் மட்டும்தான்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பஸ் நிறுத்த இடம், விடிவதற்கு முன் காப்பி போட்டுக் கொடுக்க ஆள், கோயிலுக்குக் கிட்டே. இந்த மூன்றும் இருந்தால் நானும் அந்தப் பழைய லாட்ஜைத்தான் பிடிப்பேன்.

உட்லண்ட்ஸ் தம்பி: எலக்ட்ரிக் கெட்டில் கொண்டுவரலாமா?

வேண்டாம் தம்பி. இங்கேயும் அங்கேயும் 230 வோல்ட்தான், அதில் சிக்கல் இல்லை. நம்ம பிளக் சதுரக் கால், அங்கே உருண்டைக் கால். அடாப்டர் போட்டால் நுழைந்துவிடும், ஆனால் கட்டில் பக்கத்தில் இருக்கும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியர். உங்கள் கெட்டில் 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். ஒரு பயணத்தில் நம்ம ஆள் ஒருவர் மைலோ கலக்கப் போய், இரண்டாவது மாடி முழுக்க இருட்டு. சோப்பு நுரையோடு நான்கு பேர் வராந்தாவில் நின்றார்கள். வெந்நீர் வேண்டுமென்றால் ரூம்பாயிடம் பிளாஸ்கைக் கொடுங்கள். போன் சார்ஜ் செய்ய அடாப்டர் போதும், தேக்காவில் கிடைக்கும்.

தெம்பனிஸ்: அம்மா இன்சுலின் போடுகிறார். ரூமில் ஃபிரிட்ஜ் இல்லையாமே?

பெரும்பாலும் இருக்காது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்தது, பல வகைகளில், 30 டிகிரிக்குக் கீழே சுமார் 4 வாரம் தாங்கும். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று பாலிகிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸில் குளிர்காப்புப் பை. விடுதிக்கு வந்ததும் மூடியுள்ள டப்பாவில் அம்மா பெயரை எழுதி, சமையலறை ஃபிரிட்ஜில் வைக்க இடம் கேளுங்கள். ஃபிரீசரில் வைத்துவிடப் போகிறார்கள், நீங்களே போய் வையுங்கள். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. மறுநாள் கிளம்பும்போது எடுத்துக்கொள்ள எனக்கும் ஞாபகப்படுத்துங்கள்.

பொங்கோல்: மூட்டைப்பூச்சி இருக்குமா?

இருக்கலாம், பெரிய ஹோட்டலிலும் இருக்கலாம். உள்ளே போனதும் பெட்டியைக் கட்டிலில் போடாதீர்கள். போன் டார்ச்சை அடித்து, விரிப்பைத் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தைத் தலைமாட்டுப் பக்கம் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தின மாதிரி கறுப்புப் புள்ளி தெரிந்தால் உடனே கீழே வாருங்கள். எல்லோரும் ரூமுக்குப் போய் அரை மணி நேரம் வரை நான் ரிசப்ஷனில்தான் நிற்பேன். அப்போது சொன்னால் வேறு ரூம் வாங்கலாம். ராத்திரி பதினொன்றுக்குச் சொன்னால் மானேஜரே தூங்கியிருப்பார்.

அந்த அரை மணியிலேயே ஹீட்டர் சுவிட்சையும் தேடிவிடுங்கள். பெரும்பாலும் பாத்ரூமுக்கு வெளியே, பத்து சுவிட்சுக்கு நடுவில், சிவப்பு விளக்கோடு இருக்கும். போர்வெல் தண்ணீர் என்றால் சோப்பு நுரைக்காது. அது அழுக்கு இல்லை, உப்பு.

பிடோக் மாமி: முட்டி வலி. லிஃப்ட் வேலை செய்யுமா?

செய்யும் மாமி, கதவைச் சாத்தினால். இரும்பு கிரில் கதவு, உள்ளே ஒன்று வெளியே ஒன்று. மூன்றாவது மாடியில் ஒரு பையன் சரியாகச் சாத்தாமல் போனால் கீழே நிற்கிற யாருக்கும் லிஃப்ட் வராது. ‘பிளீஸ் குளோஸ் த டோர்’ என்று அதுவே கத்திக்கொண்டிருக்கும். உங்களுக்கு முதல் மாடி கேட்டிருக்கிறேன்.

சுவா சூ காங்: சொன்ன விடுதியைக் கொடுக்கவில்லை என்றால் பணம் திரும்ப வருமா?

போட்டோ, வாட்ஸ்அப், ரசீது மூன்றும் இருந்தால் பேசலாம். முதலில் ஏஜென்டிடம் எழுத்தில் புகார். நகரவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கம், அதற்கும் மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை கேட்கலாம், 2 வருடத்துக்குள் போக வேண்டும். பணம் கட்டுமுன் ஏஜென்டுக்குப் பயணத்துறைக் கழக உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பது இதைவிடச் சுலபம். பெயின்ட் உரிந்திருக்கிறது, டிவி சின்னது என்பதற்கெல்லாம் காசு வராது.

ஈசூன் அக்கா மறுபடியும்: பாஸ்போர்ட்டை ரிசப்ஷனில் வாங்கி வைத்துக்கொள்வார்களா?

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் அந்த விவரத்தை அரசாங்கத்திடம் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம், அதனால் கேட்பார்கள். பாஸ்போர்ட், விசா நகலை ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு செட் வீதம் எடுத்து வாருங்கள். சரிபார்த்ததும் அசலைக் கையோடு வாங்கிவிடலாம்.

தோ பாயோ தாத்தா: எனக்குத் தூக்கமே வராதே, அங்கே எப்படி?

நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், ஐயா. இங்கே ஆறு மணிக்கு எழுகிறவருக்கு அங்கே மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடும். புரண்டு படுக்காதீர்கள், கீழே இறங்கி வாருங்கள். ரிசப்ஷன் பெஞ்சில் நானும் உட்கார்ந்திருப்பேன். நாலரைக்கு எதிர்க்கடையில் பாய்லர் சூடாகிவிடும்.