உங்கள் மகள் எழுதிய பத்தில் ஏழு

மதிப்பிற்குரிய ஐயா,

மன்னார்குடியிலிருந்து தாங்கள் எழுதிய கடிதமும், தங்கள் மகளின் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வுத்தாளும் கிடைத்தன. சீரான நாணயம் ஒன்றைச் சுண்டினால் தலை விழுவதற்கான நிகழ்தகவு என்ன என்ற வினாவுக்கு, முதல் நாள் மாலை திண்ணையில் ஐந்து ரூபாய் நாணயத்தைப் பத்து முறை சுண்டிப் பார்த்ததை நினைவில் கொண்டு, அவர் 7/10 என்று எழுதியிருக்கிறார். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்து 1/2 என்று திருத்தியிருக்கிறார். இதனாலேயே பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவைத் தவிர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். தவிர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மதிப்பெண் போனது நியாயம்தான். 'சீரான' என்ற சொல் வினாவில் இருக்கும்போது, சமவாய்ப்புள்ள இரண்டு விளைவுகளில் ஒன்று என்று சுண்டாமலேயே சொல்லிவிடலாம். அது கோட்பாட்டு நிகழ்தகவு. தங்கள் மகள் எழுதியதோ, செய்து பார்த்து எண்ணிப் பெறும் பட்டறி நிகழ்தகவு. பத்து முறை சுண்டும்போது வரக்கூடிய 1,024 வரிசைகளில் 176 வரிசைகளில் ஏழோ அதற்கு மேலோ தலைகள் இருக்கும், அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இப்படி வரும் என்பதால், நாணயத்தையும் குறை சொல்ல முடியாது, பிள்ளையையும் குறை சொல்ல முடியாது.

இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்த ஜான் கெரிச் என்ற கணித அறிஞர், ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டி 5,067 தலைகளைக் கணக்கிட்டார். பாதியைவிட 67 கூடுதல். தங்கள் மகளுக்கோ இரண்டுதான் கூடுதல். ஆயினும் விகிதத்தில் பார்த்தால் அவருடையது 0.5067, இவருடையது 0.7. எண்ணிக்கை பெருகும்போது பாதியை நெருங்குவது விகிதமே தவிர, பாதிக்கு மேல் வரும் அந்தக் கூடுதல் எண்ணிக்கை குறைந்தாக வேண்டும் என்பதில்லை. பலரும் வழுக்கி விழும் இடம் இது.

அதே கடிதத்தில், 'படித்தாலும் வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், பாதிக்குப் பாதிதானே' என்றும் எழுதியிருக்கிறீர்கள். மகள் செய்ததைவிட இதுவே பெரிய பிழை என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். விதைநெல் முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம். அதற்காக முளைப்புத்திறன் பாதி என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை. விதைப் பரிசோதனை நிலையத்தில் 400 விதைகளை முளைக்க வைத்து எண்ணுகிறார்கள். சான்று விதைநெல்லுக்குக் குறைந்தது 80 சதவீதம் வேண்டும்.

எண்ணிப் பார்ப்பதிலும் எந்தக் காலத்தை எண்ணினோம் என்பது முக்கியம். குறுவைக்காக ஜூன் 12 அன்றோ அதற்கு முன்போ மேட்டூர் அணை திறந்ததை 2020 முதல் 2025 வரை எண்ணினால் ஆறில் ஐந்து ஆண்டுகள்; 2012இலிருந்து எண்ணினால் பதினான்கில் அதே ஐந்து. மழையும் கர்நாடகத்து அணைகளின் இருப்பும் சமவாய்ப்புக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்பதால், இங்கே கோட்பாட்டு நிகழ்தகவு உதவாது. எண்ணிக்கை மட்டுமே உண்டு.

கல்லூரி விளம்பரங்களில் வரும் வேலைவாய்ப்புச் சதவீதமும் இந்த வகையே. ஒரு துறையில் 120 பேர் படித்து, 60 பேர் மட்டும் வளாக நேர்காணலுக்குப் பதிவு செய்து, 54 பேருக்கு வேலை கிடைத்தால், விளம்பரத்தில் 90 சதவீதம் என்று போடலாம். மொத்த மாணவர்களை வைத்துப் பார்த்தால் அது 45. ஆகவே சேர்க்கைக்குப் போகும்போது பின்னத்தின் பகுதியில், அதாவது கீழே, உள்ள எண் எது, எத்தனை ஆண்டுகளின் கணக்கு என்று கேளுங்கள்.

கண்ணால் கண்டதை எண்ணி எழுதும் பழக்கம் தங்கள் மகளிடம் இருப்பதால், புள்ளியியல் பட்டப்படிப்பையும், காப்பீட்டு நிறுவனங்களில் இறப்பு அட்டவணைகளைக் கொண்டு பிரீமியம் கணக்கிடும் ஆக்சுவரி தொழிலையும் யோசிக்கலாம். கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பி.ஸ்டாட். சேரவும் மேல்நிலையில் கணிதம் படித்திருக்க வேண்டும். ஒரே ஒரு தேர்வுத்தாளைக் கொண்டு அந்தக் கதவை மூடுவது, பத்து முறை சுண்டியதை வைத்து நாணயத்தைக் கோணல் என்று சொல்வதற்குச் சமம். இந்த ஆண்டின் எல்லாக் கணிதத் தாள்களையும் கொண்டுவாருங்கள், சேர்த்துப் பார்ப்போம். அதற்குள் அந்த ஐந்து ரூபாயை இருநூறு முறை சுண்டி, ஒவ்வொரு பத்துக்கும் பிறகு அதுவரையிலான தலைகளின் விகிதத்தை நோட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டும் வரட்டும்.