டியூப்லெஸ்ஸா, டியூபா? சைக்கிள் டயர் கேள்வி பதில்

கேள்வி: மோட்டார் பைக்கில் டியூப்லெஸ் தொந்தரவே தரவில்லை. சைக்கிளுக்கும் மாற்றலாமா சார்?

பதில்: பைக் கதை வேறு. அதன் டயர் தடிமன். அலாய் வீலில் போக்ஸ் கம்பி ஓட்டை கிடையாது, உள்ளே எதையும் ஊற்ற வேண்டாம். சைக்கிள் ரிம் முழுக்க ஓட்டை. அதை ரிம்மின் உள்ளே ஒட்டும் டேப் அடைக்கும். டயரின் நுண்துளைகளையும் முள் குத்தலையும் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் அடைக்கும். பெரும்பாலான சீலன்ட் லேடெக்ஸ் பால்தான், காய்ந்துவிடும். நம்மூர் வெயிலில் இரண்டு, மூன்று மாதத்துக்கொரு முறை பார்த்து ஊற்ற வேண்டும். அதற்கு மனசில்லை என்றால் டியூபே உத்தமம்.

கேள்வி: அப்பாவின் பழைய 28 இஞ்ச் வண்டிக்கு?

பதில்: வேண்டாம். ரிம், டயர் இரண்டுமே டியூப்லெஸ்ஸுக்கென்று செய்தவையாக இருக்க வேண்டும். வால்டியூபை (வால்வில் மாட்டும் சின்ன ரப்பர் குழாய்) மாற்றி ஓட்டுங்கள்.

கேள்வி: 29 இஞ்ச் எம்டிபி (மவுண்டன் பைக்), 2.2 இஞ்ச் அகல டயர். வழியெல்லாம் சீமைக் கருவேல முள். வாரம் இரண்டு பஞ்சர்.

பதில்: டியூப்லெஸ் உங்களுக்குத்தான். ரிம்மின் உள்அகலத்தைவிட 2, 3 மி.மீ. கூடுதலான டேப் வாங்குங்கள். பழைய பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, டேப்பை விறைப்பாக இழுத்து ஒட்டி, வால்வு ஓட்டையைத் தாண்டி ஒரு சாண் மேலேற விடுங்கள். ஓட்டைக்கு மேலுள்ள டேப்பைப் பிளேடால் கீறினால் கீறல் ஓடும். சூடேற்றிய ஆணியால் குத்துங்கள், விளிம்பு உருகி நிற்கும். டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வு கோரை (வால்வுக்குள் இருக்கும், கழற்றக்கூடிய ஊசி) எடுத்துவிட்டு, கம்ப்ரஸரில் ஒரேயடியாகக் காற்று விடுங்கள் (பிரெஸ்டா என்னும் ஒல்லி வால்வுக்கு அடாப்டர் வேண்டும்). டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். 'டப் டப்' என்று ஓரம் உட்காரும். ஓரக்கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா பாருங்கள். பிறகு காற்றை இறக்கி, வால்வு வழியாக 100 மி.லி. சீலன்ட். வால்வு கோரைத் திரும்பப் போட்டு, காற்றடித்து, சக்கரத்தைச் சுழற்றி, இரண்டு பக்கமும் மாற்றிமாற்றிப் படுக்க வையுங்கள்.

டியூபில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்திருந்தால் இதில் 26, 27-இல் தொடங்கலாம். எடை குறையும் என்று மட்டும் மாற்றாதீர்கள்: கழற்றும் டியூப் 200 கிராம் என்றால், ஊற்றும் சீலன்ட்டே 100 கிராமுக்குப் பக்கம்.

கேள்வி: வால்வு அடியில் காற்று கசிகிறது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் நிற்கவில்லை.

பதில்: நட்டை விடுங்கள். டேப் எங்கே தூக்கியிருந்தாலும் காற்று ரிம்முக்குள் புகுந்து வால்வு ஓட்டை வழியாக வரும். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். போக்ஸ் அடியிலும் குமிழி வந்தால் டேப்தான். உரித்துப் புதிதாக ஒட்டுங்கள்.

கேள்வி: டியூப்லெஸ் டயர் கிழிந்து, வழியில் டியூப் போட்டேன். பத்தே நிமிடத்தில் அதுவும் பஞ்சர்!

பதில்: சீலன்ட் அடைத்த பழைய முட்கள் டயரிலேயே முறிந்து நிற்கும். வெளியே தெரியாது. டியூப் போடும்முன் டயரின் உட்புறம் முழுக்கத் துணியால் துடையுங்கள். சிக்கும் இடத்தில் முள், பிடுங்கிவிடுங்கள். கிழிசலுக்கு உள்ளே பழைய டியூப் துண்டு ஒன்றை வையுங்கள்.

கேள்வி: டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. முள்ளே இல்லையே அண்ணா?

பதில்: காற்று குறைவு தம்பி. பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது.

கேள்வி: ஹூக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாதது), 28 மி.மீ. டயர். 90 பிஎஸ்ஐ அடிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. ஹூக்லெஸ்ஸுக்கு உச்சம் 72.5 பிஎஸ்ஐ, அதாவது 5 பார். ரிம்மிலோ டயரிலோ அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அந்தக் குறைவுதான் கணக்கு. டியூப் போட்டாலும் இதே அளவுதான்.